கிளுவை வேலிக்குள்ளே யார் யார்? - வாசகர் கேள்வி பதில்

கொங்கு நாட்டுக் காட்டு விலங்குகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர் ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர். மூலனூர்ப் பக்கம் கிளுவை முள்மரத்தை வேலியாக நட்ட மேய்ச்சல் நிலமான சொந்தக் கொறங்காட்டில் குடியிருக்கிறார். வட்டாரத்தில் கண்ணில் படும் பாலூட்டிகளையெல்லாம் தேதி, இடம் போட்டு நோட்டில் எழுதி வைப்பது இவர் பழக்கம்.

கேள்வி: கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். எங்கள் தாலுகாவில் இருக்கும் காட்டுப் பாலூட்டிகளுக்கு முழுசாக ஒரு பட்டியல் தயாரிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது சார்? (மாணவர், கோபிசெட்டிபாளையம்)

ஆசை நல்ல ஆசைதான் தம்பி. ஆனால் கோபியில் இருந்துகொண்டு பட்டியல் போடக் கிளம்பினால் கண் நேராகச் சத்தியமங்கலம் மலைக்குத்தான் போகும். 2013இல் புலிகள் காப்பகம் ஆன காடு. யானை, புலி, சிறுத்தை, செந்நாய், கரடி, காட்டெருமை, கடமான், அப்புறம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெளிமான், கழுதைப்புலி என்று எழுதிக்கொண்டே போகலாம். எழுதி முடித்ததும் கடைசியில் 'முதலியன' என்று ஒரு வார்த்தை போடுவீர்கள். பட்டியலில் பெரும்பாதி அந்த 'முதலியன'வுக்குள்தான் மாட்டிக்கிடக்கிறது.

உலகத்தில் இன்றைக்குத் தெரிந்த பாலூட்டி இனங்கள் ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். அதில் பத்துக்கு நாலு, கொறிக்கும் பிராணிகள். ஐந்துக்கு ஒன்று, வௌவால். இந்தியாவில் மொத்தம் சுமார் 430 இனம் என்று வைத்துக்கொண்டால் வௌவால் மட்டுமே 130 அளவில் வரும். யானைக்கு ஒரு வரி போதும். எலிக்கும் வௌவாலுக்கும் பக்கம் பக்கமாக இடம் விட வேண்டும்.

அதனால் மலையைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். தடப்பள்ளி வாய்க்கால் பாயும் நெல்வயல் வரப்பிலிருந்து தொடங்குங்கள். வரப்பில் வளை போடும் கரம்பை எலி வேறு, புல்லெலி வேறு, விரல் நீளமே இருக்கும் வயல் சுண்டெலி வேறு. நீர்ப்பாசனத்தை விட்டு மேட்டாங்காட்டுக்கு ஏறினால் வெள்ளெலி. வயிறு வெள்ளை, கண் பெரிசு, பின்னங்கால் நீளம், வால் நுனியில் கருப்பாக ஒரு குஞ்சம் இருக்கும். இவற்றையெல்லாம் 'எலி' என்று ஒரே வரியில் முடிப்பவர்கள்தான் புலிக்கும் சிறுத்தைக்கும் பத்து வித்தியாசம் சொல்கிறார்கள்.

பட்டியலில் ஒரு பெயர் ஏற வேண்டுமானால் என்ன இனம், எந்த இடம், எந்தத் தேதி, என்ன நேரம், யார் பார்த்தது, கையில் என்ன சான்று என்பதெல்லாம் இருக்க வேண்டும். சான்று என்றால் படமாக இருக்கலாம், காலடியாக இருக்கலாம், எச்சமாக இருக்கலாம், செத்துக் கிடந்த உடலாக இருக்கலாம். 'எங்கப்பாரு சின்ன வயசில் ஓநாய் பார்த்திருக்காரு' என்பதையும் எழுதுங்கள், ஆனால் அதற்குத் தனிப் பத்தி போடுங்கள். இன்றைக்கு இருப்பதோடு அதைக் கலந்துவிட்டால் இரண்டுக்கும் மரியாதை போய்விடும். பழைய நினைவுகளைத் தனியாகத் தொகுத்தால்தான் எந்த விலங்கு எந்த ஊரைவிட்டு எந்தக் காலத்தில் போனது என்பது பிடிபடும்.

யாரைக் கேட்பது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஊர்ப் பெரியவரைவிட, ராத்திரி தண்ணீர் பாய்ச்சுகிறவரைக் கேளுங்கள். மும்முனை மின்சாரம் நடுச்சாமத்தில்தான் வருகிறது என்று அந்த நேரத்தில் டார்ச்சோடு காட்டில் நிற்பவர் அவர். மரநாய் எந்தத் தென்னையில் ஏறுகிறது, காட்டுப்பூனை எந்த வாய்க்கால் ஓரமாக வருகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருக்கு அடுத்தபடி ஆட்டுக்காரர்.

ரோடும் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம். விடியும் முன்னால், காக்கை வருவதற்குள் போக வேண்டும். அடிபட்டுக் கிடப்பதை வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். சட்டச் சிக்கலும் உண்டு, நோய்ப் பயமும் உண்டு. முழு உடல், முகம், வால், பாதம் என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேல் வையுங்கள். அப்படியே ரோட்டோரமாக நகர்த்தி விட்டுவிடுங்கள், அதைத் தின்ன வரும் கீரியாவது பிழைத்துப் போகட்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. பாழடைந்த கட்டடத்தில் கூகை ஆந்தை குடியிருந்தால் அதற்கு நேர் கீழே தரையைப் பாருங்கள். கருப்பாகக் கட்டைவிரல் தடிமனில் உருண்டைகள் கிடக்கும். அது எச்சம் அல்ல. கூகை இரையை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் கக்கி வைத்தது. கையுறை போட்டுக்கொண்டு வெந்நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் உள்ளே முழு மண்டை ஓடுகள் கிடைக்கும். முன்னால் உளி மாதிரி இரண்டு பல், அதற்குப் பின்னால் வெற்றிடம், அப்புறம் கடைவாய்ப்பல் என்றிருந்தால் எலி. இடைவெளியே இல்லாமல் ஊசி ஊசியாகப் பல் வரிசை போனால் மூஞ்சூறு. ஒரு பொறியும் வைக்காமல், ஒரு உயிரையும் தொந்தரவு செய்யாமல் அந்தச் சுற்றுவட்டாரத்துச் சிறு பிராணிகள் பாதி உங்கள் மேசைக்கு வந்துவிடும். கூகைக்குச் சம்பளமும் கிடையாது.

உங்கள் ஊருக்குப் பவானி ஆறு இருப்பதால் பாறைமேல் எச்சம் பாருங்கள். மீன் செதிலும் நண்டு ஓடுமாக, மீன் நாற்றத்தோடு இருந்தால் நீர்நாய்.

தானியங்கிக் கேமராவைப் பட்டா நிலத்தில், காட்டுக்காரர் சம்மதத்தோடு வைக்கலாம். வனப்பகுதிக்குள் கால் வைக்கவே அனுமதி வேண்டும். காட்டு விலங்கைப் பொறி வைத்துப் பிடித்துப் பார்க்கிற வேலை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் கூடாது. படிப்புக்காகத்தானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கடைசியாக, தெரியாததைத் தெரியாது என்று எழுதப் பழகுங்கள். 'பூனை வகை, இனம் உறுதியில்லை' என்பது நாணயமான பதிவு. அதையே யாரோ சொன்னார்கள் என்று 'சிறுத்தைப்பூனை' ஆக்கினால் பின்னால் வருகிறவன் அதை நம்பி இன்னொரு கட்டுரை எழுதுவான். அலுங்கு (எறும்புத்தின்னி), தேவாங்கு பார்த்த இடத்தைத் துல்லியமாக எங்கும் வெளியிடாதீர்கள். நோட்டில் இருக்கட்டும். படிப்பவர்கள் எல்லோரும் விலங்கியல் மாணவர்கள் அல்ல.

கேள்வி: சமையல்கட்டில் நீள மூக்கு வைத்த எலி ஒன்று சுற்றுகிறது. அது எலியே இல்லை, பிள்ளையாரின் வாகனம், அடிக்கக் கூடாது என்கிறார் மாமியார். எலி இல்லை என்று பள்ளிக்கூடம் போகும் மகனும் சொல்கிறான். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். நீங்களே சொல்லுங்கள். (இல்லத்தரசி, வெள்ளகோவில்)

அம்மணி, மூன்றாவதாக நானும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொள்கிறேன். அது மூஞ்சூறு. விலங்கியலில் வரிசை என்றால் பல குடும்பங்கள் சேர்ந்த பெரிய பிரிவு. எலி கொறிக்கும் வரிசை. மூஞ்சூறு பூச்சி தின்னும் வரிசை, முள்ளெலிதான் அதற்கு உறவு. உங்கள் அரிசி மூட்டையைவிட அடுப்புக்குக் கீழே இருக்கும் கரப்பான்பூச்சிமேல்தான் அதற்குக் கண். விலாவில் ஒரு சுரப்பி இருக்கிறது, அதிலிருந்துதான் அந்த நாற்றம். பூனை பிடித்துக் கொன்றாலும் தின்னாமல் போட்டுவிட்டுப் போவதற்கு அதுதான் காரணம். தாய் முன்னால் ஓட, ஒரு குட்டி அதன் வாலடியைக் கவ்விக்கொள்ள, அந்தக் குட்டியை அடுத்த குட்டி கவ்விக்கொள்ள, வரிசையாகப் போவதைப் பார்த்தால் உங்களுக்கே விளக்குமாற்றைத் தூக்க மனசு வராது.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். முயலும் எலி வகை இல்லை. முயலின் மேல்தாடையில் முன்பல் இரண்டுக்குப் பின்னால் ஒளிந்தபடி இன்னும் இரண்டு சின்னப் பல் இருக்கும். எலிக்கு அது கிடையாது. அந்த இரண்டு பல்லால் முயலுக்குத் தனி வரிசையே கிடைத்திருக்கிறது. முள்ளம்பன்றி பன்றி இல்லை, எலி வகை. முள்ளெலி எலி இல்லை. எறும்புத்தின்னி என்று நாம் சொல்லும் அலுங்கு, அமெரிக்காவில் இருக்கும் எறும்புத்தின்னிக்குச் சொந்தமே இல்லை, நாய் பூனை வரிசைக்குத்தான் அது கிட்டத்து உறவு. முள்ளையும் மூக்கையும் வைத்துச் சொந்தம் பேசக்கூடாது. பல்லைப் பார்க்க வேண்டும், எலும்பைப் பார்க்க வேண்டும், இப்போது மரபணுவையும் பார்க்கிறார்கள்.

கேள்வி: மக்காச்சோளக் காட்டில் பெரிய காலடி பதிந்திருக்கிறது. சிறுத்தைதான் என்று ஊரே பேசுகிறது. படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்க. (விவசாயி, தாராபுரம்)

நாய்ங்க. பெரிய நாய்.

ஊதியூர் மலைப் பக்கம் சிறுத்தை வந்த பிறகு நம் பக்கம் எல்லாக் காலடியும் சிறுத்தைக் காலடியாகத்தான் தெரிகிறது, அதில் தப்பில்லை. ஆனால் உங்கள் படத்தில் நாலு விரலுக்கும் முன்னால் நகக் குறி குத்தியிருக்கிறது. பூனைக் குடும்பம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். சேற்றில் வழுக்கினால் ஒன்றிரண்டு பதியலாம், நாலும் ஒழுங்காகப் பதியாது. அடுத்து, விரல்கள் அமைந்த விதம். நாயின் பாதத்தில் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். பூனைக் குடும்பத்தில் ஒரு விரல் மற்றவற்றைவிட முன்னால் தள்ளி நிற்கும், அதை வைத்து இடது காலா வலது காலா என்றே சொல்லிவிடலாம். மூன்றாவது, உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பு. சிறுத்தைக்கு அது மூன்று மடிப்பாகப் பிரிந்து தெரியும். உங்கள் படத்தில் முக்கோணமாக இருக்கிறது.

இனிமேல் படம் எடுத்தால் காலடிக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வையுங்கள். இதில் உங்கள் செருப்பு நுனி தெரிந்ததால் பிழைத்தேன். வளர்ந்த சிறுத்தையின் தடம் ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும், காட்டுப்பூனை அதில் பாதிதான். நேராக மேலே இருந்து எடுங்கள், சாய்த்து எடுத்தால் நீளம் ஏமாற்றும். ஒரே ஒரு தடத்தை எடுக்காமல் தொடர்ந்து நாலைந்து தடம் எடுங்கள். வனத்துறைக்குச் சொன்னது சரியான காரியம். நாய் என்று நான் சொன்னேன் என்பதற்காகக் கன்றுக்குட்டியை வெளியில் கட்டாதீர்கள், அந்த நாயே கடித்துவிடும்.

கேள்வி: எங்கள் பக்கம் பொங்கலுக்கு வங்காநரி பிடித்து வந்து ஊர்வலம் விட்டு, அப்புறம் விட்டுவிடுவோம். நரி முகத்தில் விழித்தால் மழை வரும், வெள்ளாமை செழிக்கும் என்று தலைமுறையாக நடப்பது. இப்போது வனத்துறை வழக்குப் போட்டு அபராதம் விதிக்கிறது. நரிதான் ஊரெல்லாம் ஊளையிடுகிறதே, எதற்கு இந்தக் கெடுபிடி? (வாசகர், வாழப்பாடி)

ஊரெல்லாம் ஊளையிடுவது வேறு, நீங்கள் பிடிப்பது வேறு. கெடுபிடிக்குக் காரணமே அதுதான்.

கூட்டமாக ஊளையிடுகிற நரி பத்துக் கிலோ அளவுக்கு வளரும். குப்பைமேடு, கரும்புக்காடு, கோழிப்பண்ணைக் கழிவு என்று எதிலும் பிழைத்துக்கொள்ளும். வங்காநரி இரண்டிலிருந்து நாலு கிலோதான், வீட்டுப் பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு. காது பெரிது, கால் மெலிசு, வால் உடம்பில் பாதிக்கு மேல் நீளம், புசுபுசுவென்று இருக்கும், நுனி கருப்பு. வால் நுனியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பெரிய நரிக்கும் நுனி கருத்துத்தான் இருக்கும். உயரத்தையும் வால் நீளத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் நாய்க் குடும்பம்தான், ஆனால் பேரினமே (குடும்பத்துக்குள் நெருங்கிய இனங்களின் தொகுதி) வேறு. பெரிய நரிக்கு நாயும் ஓநாயும் பங்காளி, வங்காநரிக்கு அவர்கள் தூரத்துச் சொந்தம்.

வங்காநரி இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகில் எங்கும் கிடையாது. அடர்ந்த காடும் அதற்கு ஆகாது. வறண்ட, புல் முளைத்த திறந்த வெளி வேண்டும். கொறங்காடு மாதிரி. அங்கே மண்ணில் பல வாசல் வைத்து வளை தோண்டும். வெள்ளெலி, கரையான், வெட்டுக்கிளி, நண்டு, இலந்தைப்பழம் எல்லாம் தின்னும். உங்கள் வெள்ளாமைக்கு அது செய்யும் உபகாரம் அந்த எலியைத் தின்பதுதான், அதற்கு ஊர்வலம் எதுவும் தேவையில்லை. இன்னொன்று: தை மாதம் அது இணை சேர்ந்து சினையாகும் பருவம். வலையில் மாட்டுவது சினை நரியாக இருந்தால், விடுவித்த பிறகு அதற்கு என்ன ஆனது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. புல்வெளி வீட்டு சைட்டுகளாகிறது, தெருநாய் நோயைக் கொண்டுவருகிறது. இதற்கு நடுவில் பிழைத்துக் கிடப்பதை வலை வைத்துப் பிடிக்க வேண்டுமா?

சாமிக்குத் தேரோட்டம் போதும். நரிக்கு விடுமுறை கொடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு பாடப்புத்தகத்திலும் ஒவ்வொரு அறிவியல் பெயர் இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு விலங்குக்கு எதற்கு அடிக்கடி பெயர் மாற்றுகிறார்கள்? (ஆசிரியை, அந்தியூர்)

நானும் வகுப்பில் இந்தக் கேள்விக்கு மாட்டியவன்தான் டீச்சர். லின்னேயஸ் 1758இல் விலங்குகளுக்கு நிலைநாட்டிய முறையில் பெயருக்கு இரண்டு பாகம். முதல் பாகம் பேரினம், இரண்டாம் பாகம் இனம். முதல் பாகம் என்பது நம் பக்கம் எந்தக் கோயிலுக்குக் காணிக்காரர் என்று கேட்பது மாதிரி. ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி. ஆக அந்தப் பெயரே ஒரு உறவுமுறைக் கூற்று. உறவு தப்பு என்று பின்னால் தெரிந்தால் பெயரை மாற்றித்தானே ஆக வேண்டும்?

நம் மாநில விலங்கான வரையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். அக்காமலைப் புல்மேட்டில் மந்தையாக இருக்கிறது. வெகு காலம் இதை இமயமலையில் இருக்கும் தார் ஆட்டோடு சேர்த்து ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள், ஹெமிட்ராகஸ் என்று பெயர். பார்க்கவும் அப்படித்தான் இருந்தது. 2005இல் மரபணுவைப் பார்த்தபோது இமயமலைத் தார் வெள்ளாட்டுப் பக்கம் போனது, நம் வரையாடு செம்மறிப் பக்கம் வந்தது. அதனால் தனிக் கோயில் கட்டி நீல்கிரிட்ராகஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பேரினத்தில் வேறு ஒருவரும் கிடையாது, ஒண்டிக் குடும்பம். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடு என்றார்கள். இமயமலையிலும் சொந்தம் இருக்கிறது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருந்தால் அந்த எண் வேறு மாதிரி தெரிந்திருக்கும். உலகத்திலேயே இந்த மேற்குத்தொடர்ச்சி மலையில்தான் இந்தப் பேரினம் என்று தெரிந்த பிறகு அதே எண்ணைப் படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

தேவாங்கு கதை கொஞ்சம் வேறு. இலங்கையில் இருப்பதும் நம் ஊரில் இருப்பதும் ஒரே இனம் என்று முன்பு வைத்திருந்தார்கள். இப்போது சிவப்புத் தேவாங்கு இலங்கைக்கு மட்டும் உரியது, நம்முடையது சாம்பல் தேவாங்கு என்று பிரித்துவிட்டார்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் 2022இல் அறிவித்த கடவூர் சரணாலயம் இந்தச் சாம்பல் தேவாங்குக்காகத்தான். தேவாங்குக்கு என்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம். சருகுமானும் இப்படித்தான் இலங்கை இனத்திலிருந்து 2005இல் பிரிந்தது.

பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: விலங்கு மாறவில்லை, நமக்குத் தெரிந்தது மாறியிருக்கிறது. பரீட்சைக்கு மட்டும் புத்தகத்தில் இருப்பதையே எழுதச் சொல்லுங்கள். திருத்துகிறவர் பழைய புத்தகம் படித்தவராக இருக்கலாம்.

கேள்வி: பேரனுக்குக் கக்குவான் இருமல். முள்ளெலி முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுத்தால் நிற்கும் என்று எங்கம்மா காலத்திலிருந்து செய்வது. இப்போது முள்ளெலி எங்கே கிடைக்கும்? (பாட்டி ஒருவர், காங்கேயம்)

ஆத்தா, முதலில் பேரனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கக்குவான் கைக்குழந்தைக்கு ஆபத்தான நோய். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் போடும் தடுப்பூசியில் அதற்கும் மருந்து இருக்கிறது. ஒன்றரை வயதில் ஒன்று, ஐந்து வயதுக்கு மேல் ஒன்று என்று திரும்பவும் போடுவார்கள். விட்டுப்போயிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முள் சுட்ட சாம்பலில் இருமலுக்கு ஒன்றும் இல்லை. முள்ளெலி கிடைக்கும் இடம் எனக்குத் தெரிந்தாலும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மற்றவர்களுக்காக: நம் பக்கத்து முள்ளெலி 1851இல் அறிவியலுக்கு அறிமுகமானது, தென்னிந்தியாவுக்கு மட்டுமே உரியது. ஈரோடு, திருப்பூர், கரூர், கோவை மாவட்டங்களின் வறண்ட காடுகள் அதன் சொந்த ஊர். கிளுவை வேலியின் அடியில் பகலெல்லாம் தூங்கும். இருட்டியதும் பூச்சி தேடிக் கிளம்பும். ஆள் வந்தால் ஓடாது, சுருண்டுகொள்ளும். நரிக்கும் நாய்க்கும் முன்னால் அந்தத் தந்திரம் பலிக்கும், லாரிக்கு முன்னால் பலிக்காது. என் நோட்டில் முள்ளெலிப் பதிவுகளில் பெரும்பாலானவை மூலனூர் ரோட்டில் நசுங்கிக் கிடந்தவை. மழை பெய்து ஈசல் புறப்பட்ட மறுநாள் காலையில் அதிகம் பார்க்கலாம். கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போட்ட காடுகள் பக்கம் இந்தப் பதிவுகூடக் கிடைப்பதில்லை. கம்பி வேலிக்கு மானியம் உண்டா என்று விசாரிக்கிறவர்கள், கிளுவை வேலியில் எத்தனை உயிர் குடியிருக்கிறது என்று ஒரு ராத்திரி டார்ச்சோடு வந்து பார்க்கட்டும்.

கேள்வி: ஆற்றங்கரை மருதமரத்தில் ஆயிரக்கணக்கில் வௌவால் தொங்குகிறது. நிபா வரும், மரத்தை வெட்டிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது என்ன வௌவால்? வெட்டலாமா? (வாசகர், கரூர்)

வெட்ட வேண்டாம். அது பெரிய பழந்தின்னி வௌவால், சிறகை விரித்தால் நாலடி வரும். நிபா வைரஸ் இந்த வகை வௌவாலில் இருக்கிறது என்பது உண்மை, 2018இல் கோழிக்கோட்டில் உயிர்களைப் பறித்ததும் உண்மை. ஆனால் விரட்டினால் நோய் போகாது. கூட்டம் கலைந்து பத்து ஊருக்குப் போகும், கலவரப்பட்ட வௌவாலிடமிருந்து வைரஸ் கூடுதலாக வெளிப்படவும் வாய்ப்புண்டு. கடித்துப் போட்ட பழத்தைத் தின்னாதீர்கள், மரத்தடியில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள், கீழே விழுந்த வௌவாலைத் தொடாதீர்கள். அது போதும். 1972 சட்டத்தில் பழந்தின்னி வௌவாலைக் காக்கை, எலியோடு சேர்த்துத் தீங்குயிர் அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள்.

வௌவாலை இனம் பிரிப்பது லேசான வேலை இல்லை. கண் பெரிதாக, முகம் நாய்க்குட்டி போல இருந்தால் பழந்தின்னி. கண் சின்னதாக, காது விதவிதமான மடிப்போடு இருந்தால் பூச்சிதின்னி. அதுவரை யாரும் சொல்லலாம். என் மோட்டார் ரூம் ஓட்டு இடுக்கில் இருக்கும் கட்டைவிரல் அளவு வௌவால் எந்த இனம் என்று கேட்டால், அது எழுப்பும் ஒலியைத் தனிக் கருவியில் பதிவு செய்து பார்க்க வேண்டும், இல்லையென்றால் பல்லைப் பார்க்க வேண்டும். நோட்டில் 'சிறு பூச்சிதின்னி வௌவால்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

நம் எல்லைக்குத் தெற்கே தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு வௌவாலைப் பிடித்து, உடல் கெடாமல் பாடம் செய்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். குட்டைமூக்குப் பழந்தின்னி என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டார்கள். கால் நூற்றாண்டு வாக்கில் அது அப்படியே இருந்தது. தாய்லாந்து விஞ்ஞானி கித்தி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். குட்டைமூக்குக்குச் சின்ன வால் உண்டு, இதற்கு வாலே இல்லை, பல்லும் வேறு. 1972இல் புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினம் என்றே அறிவித்து, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை வைத்தார். சீட்டு தப்பாக இருந்தாலும் உடல் பத்திரமாக இருந்ததால்தான் இது நடந்தது. கோவையில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போனால் பாடம் செய்த விலங்கைப் பார்த்ததும் செல்பி எடுக்காமல், கீழே இருக்கும் சீட்டையும் ஒருமுறை படியுங்கள்.

கேள்வி: புலிகளின் எண்ணிக்கையை எப்படி இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார்கள்? நின்று எண்ணவா முடியும்? (வாசகர், பொள்ளாச்சி)

எண்ணுவதில்லை, மதிப்பிடுகிறார்கள். கைரேகை போல ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு, இடது விலாவும் வலது விலாவும்கூட வேறு வேறு. அதனால் பாதையின் இருபுறமும் கேமரா வைப்பார்கள். படத்தில் விழுந்த புலிகளில் எத்தனை திரும்பத் திரும்ப விழுகின்றன என்பதை வைத்து, விழாமல் போனவை எத்தனை இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். 2006 முதல் நாலு வருஷத்துக்கு ஒருமுறை நாடு முழுக்க இப்படி நடக்கிறது. 2022இல் இந்தியாவுக்கு சராசரி 3,682 என்று வந்தது. காட்டுப்பூனைக்கும் மரநாய்க்கும் இப்படி ஒரு கணக்கு யாரும் போடவில்லை, அவற்றின் படமும் அதே கேமராக்களில்தான் விழுகிறது.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து ஓரத்தில் முதுகில் கோடே இல்லாத ஒரு அணிலைப் பார்த்தேன். தரையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கீரிக்குட்டியோ என்று சந்தேகம். என்னவாக இருக்கும்? (வாசகி, சேலம்)

கீரியும் இல்லை, அணிலும் இல்லையென்றே நினைக்கிறேன். மூங்கில் அணத்தான் என்று பழைய ஆட்கள் சொல்லும் பிராணியாக இருக்கலாம். அணில் மாதிரி புசுபுசு வால், ஆனால் மூக்கு நீண்டு கூராக இருக்கும், நீள மீசை கிடையாது. கொறிக்கும் வரிசையிலும் இல்லை, மூஞ்சூறு வரிசையிலும் இல்லை, தனி வரிசை. தென்கிழக்கு ஆசியாவில் அதற்குச் சொந்தபந்தம் நிறைய. இந்தியத் தீபகற்பத்தில் இருப்பது இந்த ஒரே இனம்தான், அதன் பேரினப் பெயர் அனதானா என்பதே நம் ஊர்ப் பெயரிலிருந்து எடுத்தது. மரத்தைவிடத் தரையிலும் பாறை இடுக்கிலும்தான் பகலில் பூச்சியும் பழமும் தேடும்.

உறுதியாகச் சொல்ல இந்த விவரம் போதாது. அடுத்த முறை பார்த்தால் தோளைக் கவனியுங்கள், மங்கலான வெளிர்நிறக் கோடு ஒன்று சாய்வாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு படம் கிடைத்தால் தேதியும் இடமும் எழுதி அனுப்புங்கள். முன்னங்கால், தோள், மூக்கு மூன்றும் தெரிகிற மாதிரி எடுங்கள். வால் மட்டும் தெரியும் படம் வேண்டாம், அப்படிப்பட்ட படங்கள் என்னிடம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.